மணி அடித்தால் இடி விலகுமா?

கயிற்றைப் பிடித்தபடியே மாண்ட மணியடிப்போர்! ஆலங்கட்டி மழையில் ஓடிய பாதிரியார்! இடிதாங்கி பிறந்த கதை

வானம் கறுக்கிறது. காற்று சுழன்று அடிக்கிறது. பளீர் என்று ஒரு மின்னல்! வீடே அதிரும்படி ஓர் இடி!

நம் வீட்டுப் பாட்டிமார் அப்போது என்ன சொல்வார்கள்? "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்பார்கள். குழந்தையை இழுத்து மடியில் அணைத்துக் கொள்வார்கள்.

பயம் வந்தால் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மனித சுபாவம். அதில் தவறு ஒன்றும் இல்லை. பாட்டியின் குரலைக் கேட்டதும் குழந்தையின் பயம் தெளிந்து விடுகிறது.

ஆனால், "பெயரைச் சொல்லி விட்டோம், இனி இடி விழாது, மரத்தடியிலேயே நிற்கலாம்" என்று ஒருவர் சொன்னால்? அது வேறு விஷயம். அது உயிர்ப் பிரச்சினை!

ஐரோப்பா கண்டத்தில் இந்த உயிர்ப் பிரச்சினை பல நூறு ஆண்டுகள் இருந்தது. அங்கே இடி இடித்தால் மாதா கோவில் மணியை அடித்தார்கள். மணி ஓசைக்கு இடி விலகிப் போகும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டது யார்? எப்படிக் கேட்டார்கள்? அதைக் கேட்டதற்கு என்ன பட்டார்கள்? அதுதான் இந்தக் கதை.

மணிக்கும் ஒரு பெயர்

அந்தக் காலத்தில் மாதா கோவிலுக்குப் புது மணி வாங்கினால் அது ஊருக்கே திருவிழா. பாதிரியார் மணியைப் புனித நீரால் கழுவுவார். எண்ணெய் பூசுவார். ஒரு புனிதரின் பெயரை மணிக்குச் சூட்டுவார். இந்த மணியின் ஓசை கேட்கும் இடத்தில் புயலும் இடியும் கெட்ட ஆவிகளும் அண்டக்கூடாது என்று வேண்டிக் கொள்வார்.

மின்னலை முறிப்பது நானே என்று மணியே பேசுவதுபோல லத்தீன் மொழியில் எழுத்துப் பொறிப்பதும் உண்டு.

மதத்தில் பற்றுள்ளவர்கள் மட்டும் இதை நம்பவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களும் நம்பினார்கள். "மணி ஓசை காற்றை அசைக்கும். காற்று அசைந்தால் மேகம் கலையும்" என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். எதையும் சந்தேகித்துப் பார் என்று உலகுக்குச் சொன்ன பிரெஞ்சு தத்துவ ஞானி டேக்கார்ட்கூட, சத்தத்தால் மேகத்தைக் கலைக்கலாம் என்று எண்ணியவர்தான்!

ஆகவே, புயல் வந்தால் மணி அடிப்பவர்கள் ஓடுவார்கள். இருட்டில் மணிக்கூண்டின் அடியில் நின்றுகொண்டு, கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஊர் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள். ஊரைக் காப்பாற்ற வெளியே நின்றவர்கள் அந்த மணியடிப்போர்தான்.

பெரிய வெள்ளி இரவு

1718-ஆம் ஆண்டு. ஏப்ரல் 14-ந் தேதி இரவு விடிந்தால் பெரிய வெள்ளி. பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. அங்கே பயங்கரமான புயல் வீசியது. ஒவ்வோர் ஊரிலும் மணி அடித்தார்கள்.

அன்றிரவு லாந்தெர்னோ என்ற ஊருக்கும் சென் போல் என்ற ஊருக்கும் இடையில் மட்டும் 24 கோவில்கள்மீது இடி விழுந்தது!

டெலாந்த் என்பவர் இதை விசாரித்து பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். மணி அடித்த கோவில்களில்தான் இடி விழுந்தது. பக்கத்திலேயே மணி அடிக்காத கோவில்கள் தப்பின என்று அவர் தெரிவித்தார்.

ஊர் மக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"பெரிய வெள்ளி அன்று மணி அடிக்கக்கூடாது என்பது விதி. விதியை மீறி அடித்தோம். அதனால்தான் தண்டனை!"

மணி இடியை விலக்கும் என்ற நம்பிக்கையை யாரும் விடவில்லை. இடி விலகினால், மணியால் விலகியது. இடி விழுந்தால், நாள் சரியில்லை. எது நடந்தாலும் நம்பிக்கைக்குத் தோல்வியே இல்லை!

இப்படித் தோற்கவே முடியாத ஒரு பேச்சைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

காரணம் என்ன?

முதலில் ஒரு விஷயம். இடி என்பது வெறும் சத்தம். "இடி விழுந்தது" என்று நாம் சொன்னாலும், உண்மையில் விழுவது மின்னல். மின்னல் என்பது மின்சாரம். மேகத்துக்கும் பூமிக்கும் நடுவே அது ஒரு நொடிக்குள் பாய்கிறது.

பாயும்போது பெரும்பாலும் உயரமான பொருளைப் பிடித்துக் கொண்டு பூமிக்கு இறங்குகிறது. பனைமரம், தென்னைமரம், கோபுரம் எல்லாம் அதற்கு வழி.

ஐரோப்பாவின் ஊர்களில் எல்லாவற்றையும்விட உயரமானது எது? மாதா கோவில் மணிக்கூண்டு! அதன் உச்சியில் உலோகச் சிலுவை. கீழே வெண்கல மணி. மணியிலிருந்து தொங்குவது கயிறு. மழையில் நனைந்த கயிறு. கயிற்றின் நுனியில் மணியடிப்பவர்.

மின்னலுக்கு இதைவிட நல்ல படிக்கட்டு வேண்டுமா?

1784-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு புத்தகம் வெளியாயிற்று. புயல் நேரத்தில் மணி அடிப்பதால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று காட்ட எழுதப்பட்ட புத்தகம் அது. அதில் ஒரு கணக்கு இருந்தது. 33 ஆண்டுகளில் 386 கோவில் கோபுரங்கள்மீது இடி விழுந்தது. மணி அடித்துக் கொண்டிருந்த 103 பேர் இறந்து போனார்கள்!

103 குடும்பங்கள். ஊரைக் காக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், திரும்பி வரவில்லை.

மெழுகுவத்திக்காரர் மகன்

மின்னலை அடக்கும் வழியைச் சொன்னவர் ஒரு பாதிரியார் அல்ல. பெரிய பேராசிரியரும் அல்ல. அவர் அச்சகம் நடத்தியவர். பெயர் பெஞ்சமின் பிராங்ளின்.

1706-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். அவர் தந்தை சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். வீட்டில் 17 பிள்ளைகள். பிராங்ளின் 15-வது பிள்ளை! 10 வயதோடு அவர் பள்ளிக்கூடப் படிப்பு நின்று போயிற்று. பிறகு புத்தகங்களைத் தேடித் தேடித் தாமே படித்தார்.

மின்சாரப் பொறியும் மின்னலும் ஒன்றுதானோ என்ற எண்ணம் அவருக்கு வந்தது. இரண்டும் வெளிச்சம் தருகின்றன. இரண்டும் வளைந்து வளைந்து பாய்கின்றன. இரண்டும் சத்தம் போடுகின்றன. இரண்டும் உலோகத்தின் வழியே ஓடுகின்றன.

"ஒன்றுபோல இருந்தால் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று அவர் நினைத்தார். உயரமான இரும்புக் கம்பியை நிறுத்தி, மேகத்திலிருந்து மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம் என்று எழுதினார். அந்தக் கடிதங்கள் 1751-ல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன. மறு ஆண்டே பிரெஞ்சு மொழியிலும் வந்தன.

பாதிரியார் ஓடினார்!

1752-ஆம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி. பாரிஸுக்கு அருகே மார்லி என்ற கிராமம். அங்கே டலிபார்டு என்ற விஞ்ஞானி 40 அடி உயர இரும்புக் கம்பியை நிறுத்தியிருந்தார். கம்பியின் அடியில் பூமிக்கு மின்சாரம் போகாதபடி ஒயின் பாட்டில்களை வைத்திருந்தார். அன்று அவர் பாரிஸில் இருந்தார். கம்பிக்குக் காவல் இருந்தவர், குதிரைப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற குவாஃபியே.

பிற்பகல் 2 மணிக்குமேல் இடி இடித்தது. குவாஃபியே ஓடிப்போய், கண்ணாடிப் பிடி போட்ட ஒரு பித்தளைக் கம்பியை இரும்புக் கம்பியின் அருகே நீட்டினார். படீர்! ஒரு பொறி பறந்தது.

உடனே ஊர்ப் பாதிரியார் ரோலேக்கு ஆள் அனுப்பினார்.

பாதிரியார் ஓட்டமாக ஓடி வந்தார். ஆலங்கட்டி மழை கொட்டியது. பாதிரியார் ஓடுவதைப் பார்த்த ஊர் ஜனங்கள், "ஐயோ! குவாஃபியே இடி விழுந்து செத்துப் போனார். சாகும் நேரத்து ஜெபம் சொல்லத்தான் சாமியார் ஓடுகிறார்!" என்று நினைத்தார்கள். அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

பாதிரியார் அங்கே போய் என்ன செய்தார்? பித்தளைக் கம்பியைத் தாமே கையில் வாங்கினார். தாமே பொறியை இழுத்துப் பார்த்தார்! ஒரு தடவை அல்ல, ஆறு தடவை! அவர் கையில் சவுக்கடி பட்டதுபோல் ஒரு தழும்பு விழுந்தது. அவர்மீது கந்தக வாடை வீசுகிறது என்று திரும்பி வந்தபோது மற்றவர்கள் சொன்னார்கள்.

அன்றே நடந்ததை எல்லாம் எழுதி டலிபார்டுக்கு அனுப்பினார்.

ஒரு பாதிரியார்தான் உலகத்துக்குச் சாட்சி சொன்னார். மின்னல் மின்சாரமே!

இந்தச் செய்தி கடல் தாண்டி வருமுன்பே, அமெரிக்காவில் பிராங்ளின் தம் மகனைத் துணைக்கு வைத்துக் கொண்டு, இடி மேகத்தில் பட்டம் விட்டு அதே உண்மையைக் கண்டார். பட்டுத் துணியில் செய்த பட்டம். நூலின் அடியில் ஒரு சாவி. சாவியிலிருந்து பொறி பறந்தது. (இதை யாரும் செய்து பார்க்கக்கூடாது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்!)

பஞ்சாங்கத்தில் வந்த யோசனை

பிராங்ளின் ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் அச்சிட்டு வந்தார். ஏழை எளியவர்களும் காசு கொடுத்து வாங்கும் பஞ்சாங்கம். 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், வீட்டை மின்னலிலிருந்து காப்பது எப்படி என்று எழுதினார்.

யோசனை மிகச் சுலபமானது. ஓர் இரும்புக் கம்பி. அதன் ஒரு நுனி 3 அல்லது 4 அடி ஆழத்துக்கு ஈர மண்ணில் இருக்க வேண்டும். மறு நுனி கட்டடத்தின் உச்சிக்குமேல் 6 முதல் 8 அடி நீண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்! மின்னல் வந்தால் கம்பி வழியே மண்ணுக்குள் போய்விடும். வீடு தப்பும்.

இதற்கு அவர் எந்த உரிமையும் பதிவு செய்து கொள்ளவில்லை. ஒரு காசும் கேட்கவில்லை.

"கடவுளின் கையைத் தடுப்பதா?"

எதிர்ப்பு கிளம்பியது. "இடி கடவுளின் கோபம். அதைக் கம்பி வைத்துத் தடுப்பது பாவம்" என்று சிலர் சொன்னார்கள்.

பிராங்ளின் இதற்குச் சொன்ன பதில் எளிமையானது. மழையும் வெயிலும் ஆலங்கட்டியும் வானத்திலிருந்துதான் வருகின்றன. அவற்றுக்குக் கூரை போட்டுக் கொள்கிறோமே, அது பாவம் என்று யாரும் சொல்லவில்லையே! இடி மட்டும் எப்படி வேறாகும்?

1755 நவம்பர் 18-ந் தேதி விடியுமுன் பாஸ்டன் நகரில் பூமி அதிர்ந்தது. புகைபோக்கிகள் சரிந்தன. அந்நகரில் தாமஸ் பிரின்ஸ் என்ற பெரிய பாதிரியார் இருந்தார். கற்றவர், நல்லவர். அவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"இடிதாங்கிகள் வானத்து மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்குகின்றன. பாஸ்டனில் இடிதாங்கிகள் அதிகம். அதிர்ச்சியும் இங்கேதான் அதிகம்போல் இருக்கிறது. கடவுளின் கையிலிருந்து தப்ப முடியுமா?" என்பது அவர் வாதம்.

கேட்டால் நியாயம்போல் இருக்கிறது, அல்லவா? ஆனால் அவர் இதை எங்கே எழுதினார்? தம் பழைய பிரசங்கம் ஒன்றை மறுபடி அச்சிட்டு, அதன் கடைசியில் சேர்த்து எழுதினார். அந்தப் பிரசங்கம் எதைப்பற்றி? 1727-ல் அதே பகுதியில் நடந்த பூகம்பத்தைப்பற்றி!

1727-ல் உலகத்தில் எங்கும் ஓர் இடிதாங்கிகூட இல்லை. அப்போதும் பூமி அதிர்ந்தது. பாதிரியாரின் வாதத்துக்கு அவருடைய பிரசங்கமே பதில் சொல்லி விட்டது!

ஹார்வர்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்த்ராப் அவருக்கு மறுப்பு எழுதி அச்சிட்டார். வின்த்ராப் நாத்திகர் அல்ல; தெய்வ பக்தி உள்ளவர். உயிரைக் காக்கக் கடவுள் ஒரு வழி காட்டினால், அதைப் பயன்படுத்திக் கொள்வது பக்திக்கு விரோதம் இல்லை என்பது அவர் கட்சி.

மழையைத் தடுத்த சாமியார்

கடலுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பாதிரியாரின் கதை இருக்கிறது. இன்றைய செக் நாட்டில் பிரிமெடிட்சே என்ற கிராமத்தில் புரோகோப் திவிஷ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1754 ஜூன் 15-ந் தேதி அவர் தம் வீட்டருகே ஓர் உயர்ந்த கம்பத்தை நிறுத்தினார். அதன் உச்சியில் ஏராளமான கூர்முனைகள். கம்பத்திலிருந்து பூமிக்குச் சங்கிலிகள்.

மேகத்திலுள்ள மின்சாரத்தைக் கூர்முனைகள் மெல்ல உறிஞ்சிவிடும், இடி விழாது என்பது அவர் எண்ணம்.

1759-ல் கடும் வறட்சி வந்தது. பயிர் காய்ந்தது. வயிறு காய்ந்தது. "சாமியாரின் கம்பம்தான் மேகத்தை விரட்டுகிறது!" என்று கிராமத்தார் கொதித்தார்கள். கம்பத்தைச் சாய்த்து உடைத்து விட்டார்கள்.

இங்கே ஆராய்ச்சி செய்தவர் பாதிரியார். உடைத்தவர்கள் பாமர மக்கள். அவர்கள் கெட்டவர்களா? அல்ல. பசித்தவர்கள். பசித்த கண்ணுக்கு முன்னால் ஒரு புதுப் பொருள் நின்றது. பழி அதன்மேல் விழுந்தது. கம்பம் இல்லாத ஊர்களிலும் மழை இல்லையே என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை.

கோர்ட்டுக்குப் போன கம்பி

பயத்துக்கு மதம் தேவை இல்லை என்பதற்கு ஓர் உதாரணம்:

பிரான்சில் சென் ஓமர் என்ற ஊரில் விசெரி என்ற வக்கீல், 1780-ல் தம் வீட்டின்மேல் இடிதாங்கி வைத்தார். "இந்தக் கம்பி இடியை இழுக்கும். எங்கள் வீடெல்லாம் பற்றி எரியும்!" என்று அண்டை வீட்டார் மனுக் கொடுத்தார்கள். கம்பியை எடுத்துவிட வேண்டும் என்று நகர அதிகாரிகள் உத்தரவிட்டார்கள்.

விசெரி மேல் கோர்ட்டுக்குப் போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் 25 வயது இளம் வக்கீல். விஞ்ஞானிகளின் சோதனைகளை எடுத்துக் காட்டி அவர் பேசினார். 1783 மே 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. கம்பி இருக்கலாம்!

அந்த இளம் வக்கீல் யார் தெரியுமா? ரோபஸ்பியர்! பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவராகி, பலரை வெட்டுமரத்துக்கு அனுப்பி, 1794-ல் தாமும் அதே வெட்டுமரத்தில் தலை இழந்தவர்.

கோவிலின் உச்சியில் கம்பி

இத்தாலியில் வெனிஸ் நகரத்தின் செயின்ட் மார்க் மணிக்கூண்டு உலகப் புகழ் பெற்றது. 1388 முதல் எத்தனையோ தடவை அதன்மீது இடி விழுந்தது. 1489-ல் விழுந்த இடியில் உச்சியே எரிந்தது. 1745-ல் சுவர் பிளந்தது. ஒவ்வொரு தடவையும் பணம் கொட்டிப் பழுது பார்த்தார்கள்.

1769 ஆகஸ்டில் வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட பிரெஸ்சியா நகரில், வெடிமருந்துக் கிடங்கின்மேல் இடி விழுந்தது. கிடங்கு வெடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று.

அதற்குப் பிறகு, இடிதாங்கி வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அதை முன்னின்று சொன்னவர் பாதுவா பல்கலைக் கழகத்தின் வான சாஸ்திரப் பேராசிரியர் தோல்டோ. அவரும் ஒரு பாதிரியார்தான்! 1776-ல் செயின்ட் மார்க் மணிக்கூண்டின் உச்சியிலும் இடிதாங்கி ஏறியது.

1783-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், புயல் நேரத்தில் மணி அடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பல கிராமத்தார் கோபித்துக் கொண்டார்கள். ஆனால் காலப்போக்கில் கோவிலுக்குக் கோவில் கம்பி வந்தது. மணியடிப்போர் சாவது நின்றது. மணிகள் நின்று போனதா? இல்லை. தொழுகைக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் இன்றும் அவை ஒலிக்கின்றன.

மதம் அழியவில்லை. மணியடிப்பவர் பிழைத்தார்.

ஆராய்ந்தவர்களும் தவறினார்கள்

எல்லாத் தவறும் நம்பிக்கைக்காரர்கள் பக்கம் என்று நினைத்து விடக்கூடாது.

மணி ஓசை இடியை விரட்டும் என்பது தவறு. "மணி ஓசைதான் இடியை இழுக்கிறது" என்று படித்தவர்கள் சிலர் மறு கோடிக்குப் போனார்கள். அதுவும் தவறு. ஓசைக்கும் மின்னலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆபத்து கோபுரத்தின் உயரத்திலும் நனைந்த கயிற்றிலும்தான் இருந்தது.

கூர்முனை மேகத்தின் மின்சாரத்தை உறிஞ்சி இடியையே தடுத்துவிடும் என்று முதலில் பிராங்ளினும் நினைத்தார். அப்படி அல்ல. இடி விழத்தான் செய்யும். அதற்கு ஆபத்தில்லாத பாதை போட்டுக் கொடுப்பதே கம்பியின் வேலை.

1753-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற பேராசிரியர், கூரைமேல் கம்பி வைத்து வீட்டுக்குள் மின்சாரத்தை அளந்து கொண்டிருந்தார். கம்பியைப் பூமியோடு இணைக்கவில்லை. மின்னல் அவர் தலையில் பாய்ந்தது. அங்கேயே மாண்டார்.

அப்படியானால் இரு தரப்புக்கும் என்ன வித்தியாசம்? ஆராய்கிறவரும் தவறுவார். ஆனால் தம் தவறு வெளிப்படுவதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்க்கிறார். மற்றவரையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். கணக்கு ஒத்து வராவிட்டால் கருத்தை மாற்றிக் கொள்கிறார்.

பெரிய வெள்ளியின்மேல் பழி போட்டவர்களுக்கு அந்த வழி இல்லை.

கலசம் இடிதாங்கியா?

நம் ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. "கோவில் கோபுரத்தின் செப்புக் கலசமே இடிதாங்கி. முன்னோர்களின் விஞ்ஞானம்!" என்று பலர் சொல்கிறார்கள். கைபேசியில் இது ஊர் ஊராகச் சுற்றுகிறது.

இதையும் அதே முறையில் கேட்டுப் பார்க்கலாம். கலசம் செம்பு. சரி. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். சரி. பிறகு? கலசத்திலிருந்து பூமிவரை இறங்கும் கம்பி எங்கே? அந்தக் கம்பி இல்லாவிட்டால், மின்னல் செங்கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் இறங்கும். அதனால்தான் இன்று பல கோபுரங்களில், பக்கவாட்டில் பட்டைக் கம்பி இறக்கி மண்ணில் புதைத்து இடிதாங்கி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்வதால் கோபுரத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று கும்பிடுகிறவருக்குக் கலசம் இடியைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கும்பிடுவது வேறு எதற்காகவோ!

இன்னும் தீராத ஆபத்து

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் இடி மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். வயலில் வேலை செய்கிறவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள் என்று திறந்த வெளியில் பிழைப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இடி விழுந்து மயங்கியவரைக் கழுத்துவரை சாணத்தில் புதைக்கும் வழக்கம் நம் நாட்டின் சில பகுதிகளில் இன்னும் இருக்கிறது. சாணம் மின்சாரத்தை இழுத்துவிடும் என்பது நம்பிக்கை. உண்மையில் இடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. அவரைத் தொடலாம். இதயமும் மூச்சும் நின்றிருந்தால், நெஞ்சை அழுத்திச் செய்யும் முதல் உதவியை உடனே செய்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சாணம் தேடும் நேரத்தில் பிழைக்க வேண்டிய உயிர் போய்விடும்.

வீட்டில் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியவை:

இடிச் சத்தம் காதில் விழுந்தாலே, மின்னல் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். உடனே நல்ல கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கதவு சாத்திய காரும் பாதுகாப்பானதே.

தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். குளம், கிணறு, வயல் தண்ணீரில் நிற்காதீர்கள்.

கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

இடிக்குப் பயந்து சாமி பெயரைச் சொல்லலாம். மணியும் அடிக்கலாம். மனத்துக்குத் தைரியம் தருவது எதுவானாலும் நல்லதே. ஆனால், "இதைச் செய்தால் இது நடக்கும்" என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நடந்ததா? எத்தனை தடவை நடந்தது? நடக்காமல் போனது எத்தனை தடவை?"

அந்தக் கேள்வியை ஊரார் முன்பே கேட்டிருந்தால், கயிற்றைப் பிடித்தபடி மாண்ட 103 பேரும் அன்றிரவு தங்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.